பழைய போர்ஷேயில் அல்சாஸ் ஒயின் சாலை: பயணத்தைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு திராட்சைத் தோட்டங்களின் நாட்டுக்குப் போக விரும்புகிறவர்கள், ஊரையும் பாதையையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குத் தமக்குத் தாமே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்: எந்த நேரம் காருக்கு, எந்த நேரம் ஒயினுக்கு? இரண்டையும் ஒரே பகலில் கலந்தால் இரண்டும் கெடும். மலைப்பாதையை நினைத்துக்கொண்டு சுவைக்கிறவர் ஒயினை அரை மனத்தோடுதான் சுவைப்பார். நாலு மிடறு உள்ளே போனவர் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது. ஆகவே, ஓட்டும் நாளையும் சுவைக்கும் நாளையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. மற்ற எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

நான் இங்கே எடுத்துக்கொள்வது பிரான்சின் கிழக்கு எல்லையில் உள்ள அல்சாஸ். கார், 1987ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா 3.2. புறப்படும் இடம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். உங்கள் கார் வேறாக இருக்கலாம். திட்டமிடும் முறை மாறாது.

ஏன் அல்சாஸ்

அல்சாஸ் ஒயின் சாலை வடக்கே மார்லென்ஹைமில் தொடங்கித் தெற்கே ‘தான்’ என்ற சிற்றூர் வரை, வோஜ் மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடுகிறது. 1953இல் இந்தச் சாலையைத் திறந்துவைத்தபோது, இரு முனைகளிலிருந்தும் கார் அணிகள் ஒரே நேரத்தில் புறப்பட்டன. கார்களை ஓட்டியே திறந்த ஒயின் சாலை என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு இதன்மேல் தனி உரிமை உண்டு என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை வோஜ் மலை தடுத்துவிடுகிறது. அதனால் அல்சாஸின் கொல்மார், பிரான்சின் மிக வறண்ட நகரங்களில் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விளைவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். மழை குறைவு, வெயில் நிறைவு, இரவில் குளிர் என்ற இந்தச் சேர்க்கைதான் இங்குள்ள வெள்ளை ஒயின்களுக்கு மணத்தையும் புளிப்பையும் ஒருங்கே தருகிறது. விளைவதில் பெரும்பகுதி வெள்ளை ஒயினே. ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ரமினர், பினோ கிரி, மஸ்கட், சில்வானெர், பினோ பிளாங்க் ஆகிய திராட்சை வகைகள் வெள்ளைக்கும், பினோ நுவார் சிவப்புக்கும் உரியவை.

இரண்டாவது காரணம் மலை. ஒயின் சாலை கிராமங்களைக் கோத்துக்கொண்டு மெதுவாகச் செல்வது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத பகுதிகள் நிறைய உண்டு. அதில் ஒரு 911இன் குணம் வெளிப்படாது. ஆனால் அதே கிராமங்களுக்கு நேர் மேலே, அரை மணி நேர ஏற்றத்தில், மலை முகட்டிலேயே ஓடும் ரூத் தே கிரேத் என்ற முகட்டுச் சாலை இருக்கிறது. கீழே ஒயின், மேலே சாலை என்று இரண்டும் இத்தனை அருகில், இத்தனை தெளிவாகப் பிரிந்து கிடக்கும் இடத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

எப்போது போவது

மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதி வரையும், செப்டம்பர் பிற்பகுதியும் சிறந்த காலங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெப்பமும் மிகும். காற்றால் குளிரும் பழைய இன்ஜினுக்கு நெரிசலில் ஊர்ந்து செல்லும் வெயில் நாள் நல்லதல்ல. நவம்பர் இறுதி முதல் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காக ஊரே நிரம்பி வழியும். சாலையில் உப்பும் தூவப்பட்டிருக்கும் என்பதால், துருவுக்கு அஞ்சும் எந்தக் காரும் அப்போது வெளியே வரக்கூடாது. முகட்டுச் சாலையின் பெரும்பகுதி பனிக்காலம் முழுவதும் மூடிக் கிடக்கும்; ஏப்ரல் வரைகூட அது திறக்காமல் இருப்பதுண்டு.

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை நடக்கும். பார்க்க அழகான காலம். ஆனால் ஒயின் செய்கிறவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது, சாலையெங்கும் டிராக்டர்கள் இருக்கும், திருப்பங்களில் நசுங்கிய திராட்சையும் ஈர மண்ணும் கிடந்து டயரை வழுக்கும். தேதியை முடிவுசெய்வதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள்: ஜூன் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயின் சாலையின் நடுப்பகுதியை மோட்டார் வண்டிகளுக்கு மூடி, மிதிவண்டிக்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிடுவார்கள். அன்று காரோடு போய் நிற்காதீர்கள்.

காரைத் தயார்செய்தல்

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் குறை தென்பட்டால் பழைய காருக்கு உதிரிப் பாகம் வந்து சேராது.

டயரில் தொடங்கலாம். ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூவேலை ஆழமாகத் தெரிந்தாலும், ஆறு ஏழு வயதான டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும் என்பதால், அதோடு நான் மலை ஏறுவதில்லை. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். என் காரில் முன்பக்கம் 2.0 பார், பின்பக்கம் 2.5 பார். இன்ஜின் பின்னால் இருக்கும் காரில் இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்தினால் வளைவில் காரின் நடத்தையே மாறிவிடும்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகி ஆவிக் குமிழ்களை உண்டாக்கினால், பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். மலைப்பயணம் என்றால் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் ஆயில் பார்க்கும் முறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பழைய 911ஐப் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மற்ற கார்களில் இன்ஜினை அணைத்து, ஆயில் கீழே இறங்கிய பிறகு குச்சியை எடுத்துப் பார்ப்போம். இதில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. ஆகவே இன்ஜின் முழுச் சூட்டை அடைந்த பின், சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் மூடியைத் திறந்து குச்சியை எடுக்க வேண்டும். துடைத்து, மீண்டும் செருகி, மூன்று எண்ணி, எடுத்துப் பார்த்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே தேன் நிறத்தில் ஒரு விளிம்பு தெரியும். குளிர்ந்த இன்ஜினில் பார்த்தால் குச்சியில் ஒன்றுமே தெரியாது. பயந்துபோய் லிட்டர் லிட்டராக ஊற்றிவிட்டு, பிறகு காற்று வடிகட்டி வரை ஆயில் ஏறி, வெள்ளைப் புகையோடு நின்ற கார்களை நான் பார்த்திருக்கிறேன். அதே வகை ஆயில் ஒரு லிட்டர் எப்போதும் உடன் இருக்கட்டும்.

உதிரிப் பாகங்களில், கரேரா 3.2 வைத்திருப்பவர்கள் மறக்கவே கூடாதது, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருக்கும் டிஎம்இ ரிலே. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தப் பெட்டிதான் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் தருகிறது. அதன் உள்ளே உள்ள ஈயப் பற்றுவைப்பு விரிசல் விட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடும். மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும், கையில் மாற்று இருந்தால். அதோடு பேன் பெல்ட், அதை மாற்றும் சாவி, பியூஸ்கள், கைவிளக்கு, கையுறை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு சொல். பிரான்சில் பல பெட்ரோல் பங்குகளில் முதலில் கண்ணில் படுவது பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ10. பழைய எரிபொருள் குழாய்களுக்கு அது ஏற்றதல்ல. எஸ்பி98 என்று எழுதியிருக்கும் குழாயைத் தேடுங்கள், அதில் எத்தனால் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துப் பங்குகளில் ஆள் இருக்க மாட்டார். அட்டை மட்டுமே வேலை செய்யும்.

காப்பீடு, சட்டம்

பழைய காருக்கான சிறப்புக் காப்பீட்டில் பெரும்பாலும் ஆண்டு ஓட்ட வரம்பும், இரவில் பூட்டிய இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். பயணத் தூரம் அந்த வரம்புக்குள் அடங்குகிறதா, கார் மதிப்பீட்டுச் சான்று இன்றைய விலைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். வாடகைக் காராக இருந்தால் எல்லை தாண்ட அனுமதி, நாளொன்றுக்கான கிலோமீட்டர் வரம்பு, டெபாசிட் தொகை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரான்சில் எச்சரிக்கை முக்கோணமும், ஒளிரும் மேலங்கியும் காரில் இருப்பது கட்டாயம். மேலங்கி கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் பைகளுக்கு அடியில் இருந்தால் பயனில்லை. நெடுஞ்சாலையில் வேகம் 130, மழையில் 110. நடுத்தடுப்பில்லாத ஊர்ப்புறச் சாலையில் பொதுவாக 80, சில மாவட்டங்களில் சில பாதைகளில் 90. ஊருக்குள் 50 அல்லது 30. நெடுஞ்சாலையில் கார் நின்றுபோனால் உங்களுக்குத் தெரிந்த இழுவை வண்டிக்காரரை அங்கே அழைக்க முடியாது. சாலையோர அவசரத் தொலைபேசியிலோ 112இலோ சொன்னால், அந்தப் பகுதிக்கு அனுமதி பெற்றவரை அனுப்புவார்கள். ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குள் பழைய வண்டிகள் மீதான புகை விதிகள் இருக்கலாம். பழைய காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு டிராமில் போவதே நிம்மதி.

இரத்தத்தில் மது அளவு லிட்டருக்கு 0.5 கிராமை எட்டக்கூடாது. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு வரம்பு 0.2. இதைச் சட்டமாக மட்டும் பார்க்காமல் கணக்காகவும் பாருங்கள். பத்து சென்டிலிட்டர் ஒயின் அந்த அளவை ஏறத்தாழ 0.20 முதல் 0.25 வரை உயர்த்துகிறது. உடல் அதை மணிக்கு 0.10 முதல் 0.15 வரைதான் கரைக்கிறது. இரவு விருந்தில் ஐந்து கோப்பை அருந்தி நள்ளிரவில் உறங்கப் போனவரின் உடலில், காலை ஏழு மணிக்கும் அது மிச்சமிருக்கக்கூடும். காபியோ குளியலோ இதை விரைவாக்காது. மலை ஏறும் நாளுக்கு முந்தைய இரவில் நான் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுதான்.

எங்கே தங்குவது, காரை எங்கே விடுவது

ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊர் என்று மாறாதீர்கள். சாலையின் நடுப்பகுதியில் ரிபோவிலே, கைசர்ஸ்பெர்க், டுர்க்ஹைம் ஆகிய ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்கு இரவும் அங்கேயே தங்குங்கள். கார் ஒரே இடத்தில் பத்திரமாக உறங்கும்; நல்ல ஒயின் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்.

விடுதியைப் பதிவு செய்யும்போது, ‘பார்க்கிங் உண்டா’ என்று கேட்டால் ‘உண்டு’ என்று பதில் வரும். அது தெருவோர இடமாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியவை: இரவில் பூட்டும் முற்றமா அல்லது கேரேஜா, வாயிலின் அகலம் எத்தனை, உள்ளே இறங்கும் சரிவு செங்குத்தா, தரை கருங்கல்லா. பழைய ஒயின் வீடுகளின் வாயில் வளைவுகள் மாட்டு வண்டிக்காகக் கட்டியவை; இரு பக்கமும் சக்கரம் உரசாமல் இருக்க உருண்டைக் கற்கள் நட்டிருப்பார்கள். தாழ்வான காரில் அமர்ந்திருப்பவருக்கு அந்தக் கற்கள் கண்ணில் படாது. உடன் வருபவர் இறங்கி வழிகாட்டட்டும்.

ரிக்விர், எகிஸ்ஹைம் போன்ற ஊர்களின் பழைய நடுப்பகுதிக்குள் வெளியார் வண்டி போக முடியாது. மதிலுக்கு வெளியே கட்டண நிறுத்துமிடங்கள் உள்ளன. காலை ஒன்பதரைக்குள் போனால் ஓரத்து இடம் கிடைக்கும். தோட்டங்களுக்குள் செல்லும் சிமெண்டுப் பாதைகளும் பெரும்பாலும் விவசாயிகளின் வண்டிகளுக்கு மட்டுமே உரியவை. படம் எடுப்பதற்காகக் கொடி வரிசையின் முனையில் இருக்கும் புல்தரையில் காரை ஏற்றாதீர்கள். அந்தப் புல்தரைதான் டிராக்டர் திரும்பும் இடம்; அங்கே நிற்கும் கார் ஒருவரின் காலை வேலையை நிறுத்திவிடுகிறது.

ஐந்து நாள் திட்டம்

முதல் நாள் ஸ்டுட்கார்ட்டிலிருந்து நெடுஞ்சாலையில் பாடன்-பாடன் வரை சென்று, அங்கிருந்து பி500 என்ற கருங்காட்டு மலைச் சாலையில் ஏறுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் மும்மல் ஏரி வரை அகலமான, சீரான வளைவுகள். நாலைந்து மாதம் ஓடாமல் நின்ற காருக்கு இது நல்ல வெள்ளோட்டம். ஏதாவது சத்தம் கேட்டால் வீட்டுக்குத் திரும்பும் தூரத்தில் இருக்கிறீர்கள். பிறகு ஆக்கர்ன் வழியாக இறங்கி, கேல் நகரில் ரைன் ஆற்றைக் கடந்து மோல்ஸ்ஹைமுக்குப் போகலாம். 1909இல் எட்டோரே புகாட்டி தன் தொழிற்சாலையைத் தொடங்கிய ஊர் அது. இன்றும் புகாட்டி கார்கள் அங்கேதான் கையால் கோக்கப்படுகின்றன. அதே ஊரின் சரிவில் புரூடர்தால் என்ற கிராண்ட் குரூ (உயர்தர) திராட்சைத் தோட்டமும் இருக்கிறது. அடுத்திருக்கும் டோர்லிஸ்ஹைம் கல்லறைத் தோட்டத்தில் எட்டோரே அடக்கமாகியிருக்கிறார். கார் மீது பற்றுள்ளவர்கள் ஐந்து நிமிடம் அங்கே நிற்காமல் கடந்து போக மாட்டார்கள்.

இரண்டாம் நாள் ஒயின் சாலையின் வட பாதி. ரோஸ்ஹைம், ஒபெர்நே, பார், மிட்டல்பெர்க்ஹைம், ஆண்ட்லோ, டம்பாக் என்று கிராமம் கிராமமாகத் தெற்கே வாருங்கள். தெற்கைவிட இங்கே கூட்டம் குறைவு. மிட்டல்பெர்க்ஹைமில் நிறுத்தி நடந்து பாருங்கள். மாலைக்குள் 757 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஓ-கூனிக்ஸ்பூர் கோட்டைக்கு ஏறினால், 1900 முதல் 1908 வரை ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் புதுப்பிக்கச் செய்த அந்தக் கோட்டைச் சுவரிலிருந்து மறுநாள் நடக்கப்போகும் தோட்டங்கள் முழுவதும் கண்முன் விரியும்.

மூன்றாம் நாள் கார்ச் சாவியைத் தொடாதீர்கள். ரிபோவிலேயிலிருந்து ஹுனாவிர் வழியாக ரிக்விர் வரை தோட்டங்களுக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை செல்கிறது. 1626 முதல் ஒயின் செய்துவரும் டிரிம்பாக் குடும்பமும், 1895இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும் ரிபோவிலேயில் உள்ளன. ரிக்விரில் 1639 முதல் யுகெல் குடும்பம். இடையில் ஹுனாவிரின் மதில் சூழ்ந்த தேவாலயம் கொடிகளுக்கு நடுவே கப்பல்போல் நிற்கும். நாள் முழுவதற்கும் மூன்று இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். நான்காவது இடத்தில் நாக்கு மரத்துப்போயிருக்கும்.

நான்காம் நாள் காருக்கு. காலை ஏழு மணிக்கு, ஆயில் சூடாகும் வரை இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு மேல் போகாமல், கைசர்ஸ்பெர்க்கிலிருந்து 949 மீட்டர் உயர போனோம் கணவாய்க்கு ஏறுங்கள். அங்கிருந்து தெற்கே செர்னே வரை நீளும் முகட்டுச் சாலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். முதல் உலகப் போரில், ஜெர்மானியப் பீரங்கிகளின் பார்வையில் படாமல் படைக்குப் பொருள் கொண்டுசெல்ல, முகட்டின் மேற்குச் சரிவில் பிரெஞ்சுப் படை போட்ட பாதை இது. அதனால்தான் நீண்ட தூரத்துக்குப் பீச் மரக்காட்டுக்குள் மறைந்து ஓடிவிட்டு, திடீரென்று மொட்டைப் புல்வெளியில் வெளிப்படுகிறது. ஷ்லுக்ட் கணவாய் 1,139 மீட்டர்; அதைத் தாண்டி மார்க்ஸ்டைன்; பிறகு வோஜ் மலையின் உச்சியான கிரான் பலோன், 1,424 மீட்டர். தெளிந்த காலையில் ரைனுக்கு அப்பால் கருங்காடும், தெற்கே ஆல்ப்ஸின் வெண்கோடும் தெரியும்.

இந்தச் சாலையில் 911ஐ ஓட்டும் முறை ஒன்று உண்டு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, வளைவு முழுவதும் ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்திருங்கள். நடு வளைவில் பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, இன்ஜினின் கனம் பின்பக்கத்தை வெளியே வீசும். எட்டு மணிக்குள் பசுக்கள் சாலையைக் கடக்கும், பத்து மணிக்குள் மிதிவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிறையும். ஆகவே வேகத்துக்கான சாலையாக இதை எண்ணாதீர்கள். மலைப் பண்ணை விடுதிகளில் முன்ஸ்டர் பாலாடைக்கட்டியும், வெங்காயத்தோடு மெதுவாக வேகவைத்த உருளைக்கிழங்கும் கிடைக்கும். கிரான் பலோனிலிருந்து செர்னேக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம், மூன்றாம் கியரில் இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துங்கள். வழியில் ஹார்ட்மன்ஸ்வில்லர்கோப் போர்க்களத்தில் காரை நிறுத்தி, அமைதியாக ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

பிற்பகலில் முலூஸ் நகரின் தேசிய மோட்டார் வாகன அருங்காட்சியகம். துணி ஆலை அதிபர்களான ஷ்லும்ப் சகோதரர்கள் ஆலைக்குள் மறைத்துச் சேர்த்த கார்கள், 1977இல் தொழிலாளர்கள் அந்த இடத்தைக் கைப்பற்றியபோது உலகுக்குத் தெரியவந்தன. 1982இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. இன்று எஞ்சியிருக்கும் ஆறே ஆறு புகாட்டி ரோயால் கார்களில் இரண்டு இங்கே நிற்கின்றன. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஐந்தாம் நாள் காலை, முன்பே சொல்லிவைத்த பாட்டில்களை வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நேராக வீடு.

சுவைக்கும் முறை

குடும்பத் தோட்டங்களுக்கு இரண்டு வாரம் முன்பே எழுதி நேரம் வாங்குங்கள். நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை மூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பல இடங்கள் திறக்கவே மாட்டா. காலை பத்து மணியே நாக்கு கூர்மையாக இருக்கும் நேரம்.

வாயில் வைத்த ஒயினைத் துப்புவது நம் ஊர்ப் பழக்கத்தில் மரியாதைக் குறைவாகத் தோன்றும். இங்கே அது கவனத்தின் அடையாளம். மேசையில் அதற்கென்றே ஒரு கலம் இருக்கும், ஒயின் செய்தவரே அதில் துப்பிக் காட்டுவார். துப்பினாலும் சிறிதளவு உள்ளே போகத்தான் செய்யும் என்பதால், ஓட்டும் நாளில் அதையும் தவிர்ப்பதே என் முடிவு.

லேசானதிலிருந்து கனமானதற்கும், இனிப்பில்லாததிலிருந்து இனிப்பானதற்கும் போங்கள்: சில்வானெர், பினோ பிளாங்க், ரீஸ்லிங், பினோ கிரி, கடைசியாகக் கெவுர்ஸ்ட்ரமினர். 2021 அறுவடையிலிருந்து லேபிளில் இனிப்பின் அளவைக் குறிப்பிடுவது கட்டாயமாகிவிட்டதால், புதியவர்களுக்குப் பழைய குழப்பம் இல்லை. ‘செக்’ என்றால் இனிப்பற்றது. கிராண்ட் குரூ என்ற உயர்தரத் தோட்டங்கள் மொத்தம் 51. கைசர்ஸ்பெர்க்கின் ஷ்லாஸ்பெர்க் கருங்கல் மண், ‘தான்’ ஊரின் ராங்கன் எரிமலை மண். இரண்டின் ரீஸ்லிங்கையும் அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தால், மண் என்பது எத்தனை பெரிய விஷயம் என்று விளங்கும். கெவுர்ஸ் என்ற ஜெர்மன் சொல்லுக்கு மசாலா என்று பொருள். மிளகும் இஞ்சியும் கமழும் நம் கோழி வறுவலோடு அந்த ஒயினை வைத்துப் பாருங்கள், லிச்சியும் ரோஜாவும் மணக்க அது ஈடுகொடுத்து நிற்கும்.

மூன்று பேர் போய் ஆறு ஒயின் சுவைத்தால், இரண்டு பாட்டிலாவது வாங்குவது முறை.

பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவருதல்

முதல் பயணத்தில் நான் செய்த தவறு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. முன் டிக்கியில் பைகள் இருந்ததால், பன்னிரண்டு பாட்டில்களைப் பின் இருக்கையில் போர்வை சுற்றி வைத்தேன். அந்த இருக்கைக்கு நேர் பின்னால்தான் இன்ஜின். ஜூலை வெயில், எல்லைக்கு அருகே ஒரு மணி நேர நெரிசல். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்தபோது, இரண்டு பாட்டில்களின் வாயில் விரல் வைத்தால் மூடித் தகட்டுக்கு அடியில் தக்கை புடைத்திருப்பது தெரிந்தது. ஒன்றின் கழுத்தில் பிசுபிசுப்பாக ஒயின் கசிந்திருந்தது. சூட்டில் விரிந்த ஒயின் தக்கையைத் தள்ளியிருக்கிறது. அந்தக் கெவுர்ஸ்ட்ரமினரைத் திறந்தபோது ரோஜாவுக்குப் பதிலாகப் பழக்கூழை அடுப்பில் காய்ச்சிய மணம் வந்தது. அதைச் செய்தவரின் ஓராண்டு உழைப்பு அது.

ஆகவே ஒயின் முன் டிக்கியில், பைகள் பின் இருக்கையில். புறப்படுவதற்கு முன் டிக்கியின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அல்சாஸின் பாட்டில் மெலிந்து நெடிதாக இருக்கும், மற்ற ஒயின்களுக்கான பெட்டியில் அது அடங்காது. துணிப் பைகளை மென்மையானவையாகத் தேர்ந்தெடுத்தால் ஆறு முதல் பன்னிரண்டு பாட்டில் வரை வசதியாக வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தோட்டத்துக்காரரையே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒயினைக் கடைசி நாள் காலையில் மட்டும் வாங்குங்கள், வாங்கிய பின் வெயிலில் எங்கும் காரை நிறுத்தாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகத்துக்குத் தீர்வை இல்லை. பாசல் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் போகிறவர்கள் ஆளுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களைக் குளிர்ந்த இருட்டறையில் படுக்க வைத்து, குலுங்கிய ஒயின் அடங்க மூன்று வாரமாவது திறக்காமல் விடுங்கள். காரை மூடுவதற்கு முன், இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் அளவை ஒருமுறை பார்த்து, பயணம் முழுவதும் எத்தனை குடித்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். முன் மூக்கின் அடியில் கருங்கல் உரசிய தடம் இருக்கிறதா என்று கைவிளக்கோடு குனிந்து பாருங்கள். பூச்சிகள் ஒட்டிய முன்பக்கத்தை அன்றே கழுவுங்கள். காலையில் கேரேஜ் தரையில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.